தெர்மோகப்பிளின் மறுமுனை

"குரு, இந்த சென்சார் பொய் சொல்லுது."

மாடிப்படி ஏறி வந்த மூச்சு அடங்குவதற்குள் சிவரஞ்சனி இதைச் சொல்லிவிட்டாள்.

விருத்தாசலத்தில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஓர் அறை. சர்க்யூட் பித்துப் பிடித்த சிலர் ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே கூடுவார்கள். அறையைத் திறப்பவள் ரிஸ்வானா. கல்லூரியில் இயற்பியல் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்பவள். வருபவர்களிலேயே வயதில் சின்னவள் அவள்தான். அதனாலேயே எல்லோரும் அவளைக் குரு என்று கூப்பிட்டார்கள்.

கேலியாக ஆரம்பித்தது. அப்படியே நின்றுவிட்டது.

குரு தம்ளரில் டீ ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"எப்பலேர்ந்து பொய் சொல்லுது?"

"வீட்டுச் சூளை சூடான பிறகு."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி தங்கம். கொதிக்கிற தண்ணியில வச்சேன், சரியா சொல்லுச்சு. ஐஸ் தண்ணியில வச்சேன், சரியா சொல்லுச்சு. வேலைன்னு வந்தா கவுத்துடுது."

"பொய்யின்னு உனக்கு எப்படித் தெரியும்?"

சிவரஞ்சனி பையிலிருந்து செய்தித்தாள் பொட்டலம் ஒன்றை எடுத்துப் பிரித்தாள்.

உள்ளே மண்ணில் சுட்ட பெயர்ப்பலகை. எழுத்துக்களைக் கிளேஸில் எழுதியிருந்தாள். கிளேஸ் என்பது சூட்டில் உருகிக் கண்ணாடிபோல் ஒட்டிக்கொள்ளும் பூச்சு. இங்கே அது ஒட்டவில்லை, ஓடியிருந்தது. முதல் எழுத்தைத் தவிர மற்றதெல்லாம் நீலமாக வழிந்து கீழே குட்டையாக நின்றது.

அடுத்த மேசையில் ஆம்ப்ளிஃபையரைத் திறந்து வைத்திருந்த லாசர் அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"சி... சிக்கன் கடை போர்டாம்மா?"

"அண்ணே, உங்க ஆம்ப் பாடுறப்ப நான் ஏதாச்சும் சொன்னேனா?"

"அது எங்க பாடுச்சு, நீ சொல்றதுக்கு."

அவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

குரு பலகையைத் திருப்பிப் பார்த்தாள்.

"என்ன எழுதியிருந்த?"

சிவரஞ்சனி கொஞ்சம் தயங்கினாள்.

"சிவரஞ்சனி பி.இ. இல்லம்."

"உன் வீடா?"

"அப்பா அம்மா கட்டுனது. வெள்ளிக்கிழமை பால் காய்ச்சுறோம். எங்க வம்சத்துலயே முதல் சொந்த வீடு. முதல் பி.இ.யும் நான்தான். வாசல்ல அதைத்தான் எழுதணும்னு அப்பா ஒத்தக் கால்ல நிக்கிறாரு. மூணு பலகை பண்ணேன். ரெண்டு போச்சு. மூணாவதுல எழுதி வச்சிருக்கேன், இன்னும் சுடல. இதுவும் போச்சுன்னா புதுசா மண்ணு பிசைஞ்சு காய வைக்க நாள் இல்ல."

குரு பலகையை மேசையில் வைத்தாள்.

சிவரஞ்சனி மேலும் பேசினாள்.

"உண்மையச் சொல்லட்டுமா? முதல்ல ஒண்ணு உருகுனப்ப, ஒரு நிமிஷம் நிம்மதியா இருந்துச்சு."

"ஏன்?"

"கூடப் படிச்சவங்க எங்கெங்கயோ இருக்காங்க. நான் இங்க ஒரு கம்பெனியில ரிப்போர்ட் டைப் அடிக்கிறேன். பேரை வாசல்ல மாட்டுற அளவுக்கு நான் எங்க வந்துட்டேன்? தெருவுல போறவங்க படிப்பாங்க இல்ல?"

"சென்சாரைக் கொண்டு வந்தியா?"

தான் கேட்டது குருவின் காதில் விழுந்ததா இல்லையா என்று சிவரஞ்சனிக்குத் தெரியவில்லை. பையிலிருந்து எல்லாவற்றையும் எடுத்து மேசையில் பரப்பினாள்.

ஒரு நுனியில் பற்றவைத்த இரண்டு மெல்லிய கம்பிகள், அதுதான் தெர்மோகப்பிள். அதன் மறுபக்கத்தில் நீளமான செம்புக் கம்பி. செம்புக் கம்பியின் கடைசியில் சின்ன சர்க்யூட் போர்டு, எண் காட்டும் திரை.

"இந்தச் செம்பு ஏன்?"

"தெர்மோகப்பிள் ஒயரு குட்டையா இருந்துச்சு. போர்டு சூட்டுல கெட்டுடக் கூடாதுன்னு ஜன்னல் பக்கம் தள்ளி வச்சேன். அதுக்காகச் சேர்த்தேன். கடையிலேயே நல்ல செம்பாப் பார்த்து வாங்கினேன் குரு. முறுக்கி, டேப் சுத்தி, பார்க்க அசிங்கமா இருக்கக் கூடாதுன்னு அந்த முடிச்சை சூளைக்குப் பின்னாடி சொருகி வச்சேன்."

"ரொம்ப கவனமாத்தான் செஞ்சிருக்க."

"ஆமா."

"ஆன் பண்ணு."

திரையில் 31 என்று வந்தது. அறையின் சூடு அதுதான்.

குரு தெர்மோகப்பிளின் நுனியைத் தண்ணீர்க் குவளையில் போட்டாள். எண் அசையவில்லை. அறையும் தண்ணீரும் ஒரே சூட்டில்தான் இருந்தன.

"நுனியைத் தொடாத. எண்ணை மட்டும் பாரு."

சொல்லிவிட்டு, கையிலிருந்த டீத் தம்ளரைத் தூக்கி, செம்பும் தெர்மோகப்பிளும் சேர்ந்த முடிச்சின் மேல் வைத்தாள்.

31.

28.

22.

"எறங்குது!"

17.

"குரு, தண்ணி அப்படியேதான இருக்கு!"

11.

சிவரஞ்சனி குவளைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். தண்ணீர் குளிரவில்லை.

லாசர் அண்ணன் மறுபடியும் எட்டிப் பார்த்தார். "டீயை வச்சா குளிருதா? நம்ம வீட்டு ஃப்ரிட்ஜுக்கும் ஒண்ணு போடலாம் போல."

குரு தம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தாள். எண் மெல்ல ஏற ஆரம்பித்தது.

"வா," என்று ஜன்னல் பக்கம் கூட்டிப்போனாள். கீழே தெரு தெரிந்தது. ஒரு ஆட்டோ, கரும்பு ஜூஸ் வண்டி, வெயில்.

"தெருவுலேர்ந்து நாம எவ்வளவு உயரத்துல இருக்கோம்?"

"ஒரு மாடி."

"கடல் மட்டத்துலேர்ந்து?"

"அது... தெரியாது."

"ஏன் தெரியாது? இப்பதான் உயரம் சொன்ன."

"தெரு எவ்வளவு உயரத்துல இருக்குன்னு தெரிஞ்சாத்தான அதைச் சொல்ல முடியும்?"

குரு மேசைக்குத் திரும்பிவிட்டாள்.

சிவரஞ்சனி ஜன்னலிலேயே நின்றாள். தெருவை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"அப்ப அந்த நுனிக்குச் சூடு தெரியாதா?"

"தெரியாது."

"பின்ன என்னதான் தெரியும்?"

"இந்த முனைக்கும் அந்த முனைக்கும் சூட்டுல எவ்வளவு வித்தியாசம்னு தெரியும். அவ்வளவுதான்."

"அப்ப போர்டு எப்படி எண் சொல்லுது?"

"அது முதல்ல தன் சூட்டை அளக்கும். நான் இங்க இருக்கேன், அந்த நுனி என்னைவிட இவ்வளவு மேலன்னு கூட்டிச் சொல்லும்."

சிவரஞ்சனி முடிச்சைத் தொட்டாள். டேப் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

"நான் செம்பைச் சேர்த்ததும் தெர்மோகப்பிளோட மறுமுனை இந்த முடிச்சாயிடுச்சு. முடிச்சு சூளைக்குப் பின்னாடி வெந்துக்கிட்டு இருக்கு. போர்டு ஜன்னல்ல காத்து வாங்கிக்கிட்டு, மறுமுனையும் தன்னை மாதிரி குளுகுளுன்னு இருக்குன்னு நெனச்சுக்கிட்டு இருக்கு."

"ம்."

"அதனால குறைச்சுச் சொல்லியிருக்கு. ஆயிரம் டிகிரின்னு திரையில வர்றப்ப உள்ள அதுக்கு மேல போயிருக்கு. கிளேஸ் ஓடிடுச்சு."

"ம்."

"கொதிக்கிற தண்ணியில வச்சுப் பார்த்தப்ப முடிச்சும் போர்டும் ஒரே மேசையில கிடந்துச்சு. அதான் சரியா வந்துச்சு."

குரு டீயை முடித்தாள்.

"பொய் சொல்லுச்சா?"

"இல்ல," என்றாள் சிவரஞ்சனி. "எங்கேர்ந்து அளக்குறோம்னு நான் தப்பாச் சொல்லிட்டேன்."

செம்புக் கம்பியை வெட்டி எடுத்தார்கள். தெர்மோகப்பிளை நேராகப் போர்டிலேயே திருகினார்கள். போர்டு சூளையின் சூடு படாமல் பக்கத்துச் சுவரில் இருக்கும். போர்டிலிருந்து திரைக்கு மட்டும் செம்பு போகும். எண்ணாக மாறிவிட்டதை எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் கொண்டுபோகலாமா என்று சிவரஞ்சனி கேட்டாள். ஜன்னல்வரை தாராளமாகப் போகலாம் என்றாள் குரு.

புறப்படும்போது சிவரஞ்சனி வாசலில் நின்றாள்.

"குரு, நான் இன்னொண்ணும் கேட்டேன். பேரை மாட்டுறது பத்தி."

"கேட்ட."

"அதுக்குப் பதில் சொல்லல."

குரு காலித் தம்ளரை எடுத்து, மேசையில் அந்த முடிச்சு கிடந்த இடத்திலேயே கவிழ்த்து வைத்தாள்.

"போய்ட்டு வா."

அன்று மாலை சிவரஞ்சனி மூன்றாவது பலகையைச் சூளைக்குள் வைக்கப் போனாள். நீலக் கிளேஸ் மாவுபோலக் காய்ந்திருந்தது. சிவரஞ்சனி பி.இ. இல்லம்.

வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பிறகு ஈரத்துணியை எடுத்துத் துடைத்தாள். சுடாத கிளேஸ் அழுக்குப்போல எளிதாக வந்துவிட்டது.

தூரிகையை எடுத்து மறுபடியும் எழுதினாள். முதலில் எழுதியதைவிட அதிக நேரம் ஆனது. எழுத்துக்கள் அதிகம்.

சூளையை மூட்டினாள். இந்த முறை திரையில் வந்த எண்ணை நம்பினாள்.

வெள்ளிக்கிழமை பால் பொங்கியது. ரிஸ்வானா வந்திருந்தாள். லாசர் அண்ணனும் வந்து, வீட்டு வயரிங்கை யாரும் கேட்காமலேயே சோதித்துவிட்டு, தேறும் என்றார்.

அப்பா பலகையை இன்னும் பார்த்திருக்கவில்லை. அதன் மேல் ஒரு துண்டு போட்டிருந்தது. சிவரஞ்சனி துண்டை எடுத்தாள்.

எழுத்துக்கள் எங்கும் ஓடவில்லை. ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் பளபளவென்று நின்றது. மேல் வரியில் வீரமுத்து, அஞ்சலாட்சி. அதன் கீழே சிவரஞ்சனி பி.இ.

அம்மா கிட்டே போய் எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"அடியே, என் பேரு இவ்ளோ நீளமாவா?"

யாரோ சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். "ட்" என்ற எழுத்தின் மேல் விரலை வைத்து வழவழப்பாக இருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள்.

அப்பா மட்டும் நகரவில்லை. சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டே நின்றார்.

"எங்க பேரு எதுக்கும்மா அதுல? நாங்க என்னத்தப் படிச்சோம்? படிச்சது நீ. உன் பேரு ஒண்ணு போதாதா?"

சிவரஞ்சனி ரிஸ்வானாவைப் பார்த்தாள். குரு பால் தம்ளருக்குள் ஊதிக்கொண்டிருந்தாள்.

"எங்கேர்ந்து கெளம்புனேன்னு போடலன்னா எண்ணு தப்பா வருதுப்பா."