மூன்றாவது இலை

மூங்கில் காட்டில் கீரி ஒன்று வளை தோண்டிக் குடியிருந்தது. வளைக்குள் நான்கு குட்டிகள். இன்னும் கண் திறக்கவில்லை.

மழையில் யானைகளின் பழைய பாதை சரிந்துவிட்டது. நாளையிலிருந்து யானைக் கூட்டம் கீரியின் வளை மேலேயே நடந்து ஆற்றுக்குப் போகும் என்று காடெல்லாம் பேச்சு.

தலைவி யானையிடம் மனு கொடுக்கலாம். ஆனால் ஒரு மூங்கில் குருத்தைத் தின்று முடிக்கும்வரைதான் அவள் எந்த மனுவையும் கேட்பாள். அதன்பின் நடையைக் கட்டிவிடுவாள். அது அந்தக் காட்டு வழக்கம்.

கீரிக்குத் தன் எழுத்தில் கொஞ்சம் கர்வம் உண்டு. மூன்று வாழையிலை நிறைய மனு எழுதி, பக்கத்துப் புதர் முள்ளம்பன்றியிடம் காட்டியது.

முள்ளம்பன்றி தன் முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கிக்கொண்டு படித்தது. "பதினோரு இடத்தில 'அதாவது' வருது. ஏழு இடத்தில 'உண்மையைச் சொல்லப்போனால்'. அப்ப மத்ததெல்லாம் பொய்யா? அடிச்சிடவா அக்கா?"

"கையை எடு. அதெல்லாம் இருந்தாத்தான் படிக்க ஒரு ஓட்டம் இருக்கும்."

"குட்டிங்க சேதி எங்கே?"

"கடைசியில. மெதுவா வருவோமே, என்ன அவசரம்?"

முள்ளம்பன்றி இலைகளைத் திருப்பிக் கொடுத்தது.

மறுநாள் காலை தலைவி குருத்தைக் கடித்தாள். கீரி தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தது. "அதாவது தாயே, உண்மையைச் சொல்லப்போனால், ஒரு வகையில் பார்த்தால், எப்படிச் சொல்வதென்றே தெரியவில்லை, இருந்தாலும் சொல்லித்தான் ஆகவேண்டும் என்கிற நிலையில்..."

இரண்டு இலை முடிந்தது. குருத்தும் முடிந்தது.

"நல்லா எழுதியிருக்கே," என்று சொல்லிவிட்டுத் தலைவி நடந்தாள். கூட்டம் அவள் பின்னால் கிளம்பியது.

கீரி இலைகளைப் போட்டுவிட்டு ஓட்டம் பிடித்தது. வளை வாசலில், தலைவியின் காலடியில் போய் விழுந்தது.

"தாயே, உள்ளே என் குட்டிங்க!"

தூக்கிய கால் அப்படியே நின்றது. "இதை ஏன் முதல்லயே சொல்லலை?"

"எழுதியிருக்கேன் தாயே. மூணாவது இலையில."

தலைவி காலைப் பின்னால் எடுத்து வைத்தாள். கூட்டத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு போனாள்.

கீரி வளைக்குள் போய்க் குட்டிகளைப் பார்த்துவிட்டு வந்தது. அதற்குள் முள்ளம்பன்றி கீழே கிடந்த மனுவை எடுத்து வந்தது. முதல் இரண்டு இலைகளை யானைகள் தின்றுவிட்டிருந்தன. மிச்சமிருந்ததைப் படித்துப் பார்த்தது.

"இப்ப பரவாயில்லை அக்கா. இன்னும் ரெண்டு 'அதாவது' இருக்கு."

கீரி தானே கேட்டு ஒரு முள்ளை வாங்கிக்கொண்டது.

சொல்ல வந்த சேதியைத் தாமதமாக்கும் சொல், எவ்வளவு அழகாக இருந்தாலும், அடித்துவிட வேண்டிய சொல்தான்.