தலைவர் வீட்டு முகப்பு

நகராட்சித் தலைவர் வேதநாயகம் ஒரு விதி கொண்டுவந்தார். "உள்ளே யார் என்ன தொழில் செய்தாலும் கவலையில்லை. ஆனால், இந்தத் தெருவில் எல்லா முகப்பும் என் வீடு மாதிரியே இருக்கணும். முடியாதவர்கள் இடத்தை விற்றுவிட்டுப் போகலாம்."

அடுத்த மனையில் ஓட்டுக் கூரையின் கீழ் மாவு மில் நடத்தும் அஞ்சுகத்துக்குத்தான் இந்தக் குறி என்பது தெருவுக்கே தெரியும். அந்த இடத்தில் கார் நிறுத்தத் தலைவருக்கு ஆசை.

"மாடி கட்ட எனக்கு ஏதுங்க வசதி?" என்றாள் அஞ்சுகம். "முகப்பு மட்டும் உங்க வீடாட்டம் இருந்தா போதுங்களா?"

"அச்சு அசலா இருக்கணும்!"

அவள் தம்பி கட்சி மாநாடுகளுக்குக் கோட்டை முகப்பு போடுகிறவன். பிளைவுட்டில் தூண், மாடி, பச்சை ஜன்னல் எல்லாம் செய்து மில்லுக்கு முன்னால் நிறுத்திவிட்டான். தலைவர் வீட்டில் பெயர்ப்பலகை இல்லை. ஆகவே மில்லின் பலகையையும் கழற்றிவிட்டாள். பார்வையிட வந்த நகராட்சி அதிகாரியால் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை.

சந்தை நாள் வந்தது. விடியும்போதே தலைவர் வீட்டு மணி அடித்தது. கதவைத் திறந்தவர் கையில், வெளியூர் அம்மாள் ஒருத்தி மிளகாய் நிறைந்த தூக்குவாளியைத் திணித்தாள்.

"நைசா அரைங்க தம்பி. சாயங்காலம் வர்றேன்."

அவளுக்குப் பின்னால் பெரிய வரிசை. தலைவரைப் பார்க்க மாலையோடு வந்த ஒப்பந்தக்காரரோ மில்லுக்குள் மாவில் குளித்துக்கொண்டிருந்தார்.

தலைவர் தும்மியபடி ஓடிவந்தார். "அம்மா தாயே, இதைக் கழற்றிடு!"

"விதி இருக்குதுங்களே, தலைவரே?"

மறுநாள் மன்றத்தில், ஓட்டு முகப்பும் தெருவுக்கு அழகுதான் என்று வேதநாயகமே எழுந்து பேசினார், இரண்டு தும்மலுக்கு நடுவே.