மூங்கிலின் காலடிப் பந்தி

அந்தக் காலத்தில் மரத்துக்கும் வாய் இருந்தது, மண்ணுக்குள் இருப்பவர்களுக்கும் வாய் இருந்தது. கருமுகட்டு மலைச்சரிவில் கழையம்மா என்றொரு மூங்கில் வாழ்ந்தாள். அப்போதெல்லாம் மூங்கிலுக்கு உள்ளே கூடு கிடையாது. தேக்கைப் போல ஒரே கட்டை. வளர்வதும் ஆற அமரத்தான். கழையம்மா ஓர் இலையைக்கூட உதிர்க்க மாட்டாள். "என் பச்சையைப் பாருங்க!" என்று சதா தலையை ஆட்டிக்கொண்டிருப்பாள். அவ்வளவு பெருமை அவளுக்கு!

அவள் காலடி மண்ணுக்குள் பெரிய சமையற்கட்டே நடந்தது. கண்ணுக்குத் தெரியாத பொடியர்கள், விதவிதமானவர்கள், அங்கே குடியிருந்தார்கள். செத்த வண்டோ, காற்றில் வந்த அயல் சருகோ, கிடைத்ததையெல்லாம் மெல்ல மக்கவைத்து வேருக்குப் பரிமாறுவார்கள். அவர்களுக்குத் தலைவி பொடியம்மை. கடுகுக்குள் ஊரையே கூட்டிக் குடியிருக்கலாம், அவ்வளவு சின்ன உருவம். கோபம் மட்டும் மலையளவு.

கழையம்மாவுக்கு ஒரே மகள், தளிரி. பிறந்த இடம் தேக்கு மரத்தின் நிழல். வெயிலே படாமல் பிள்ளை நாளுக்கு நாள் மஞ்சளித்துப் போனாள்.

"உம் பொண்ணு இன்னும் என் முழங்காலைத் தாண்டலையே, தங்கச்சி!" என்று தேக்கு சிரிக்கும்.

பெற்றவளுக்குப் பொறுக்குமா? "பொடியம்மை, சீக்கிரம் ஏதாவது ஆக்கிப் போடேன். பிள்ளை வெயிலை எட்டணும்!" என்றாள்.

"வெந்தாத்தானேக்கா இறக்க முடியும்? அவசரப்படாதீங்க."

கழையம்மாவுக்குச் சுருக்கென்றது. அந்த நேரம் பார்த்து, தேக்கில் தலைகீழாகத் தொங்கிய வௌவால் வாயைத் திறந்தது. "எங்க குகையில எங்க எச்சம் மலையாக் குவிஞ்சு கிடக்கு. ஆக்கவும் வேண்டாம், இறக்கவும் வேண்டாம். கொண்டாந்து கொட்டவா?"

"கொட்டு!" என்றாள் கழையம்மா. ஒரு வார்த்தை பொடியம்மையைக் கேட்கவில்லை.

வௌவால் கூட்டம் கொட்டோ கொட்டென்று கொட்டியது. அடேயப்பா! தளிரி சடசடவென்று கிளம்பினாள். முழங்கால், இடுப்பு, தோள் என்று ஏறித் தேக்கின் உச்சியையே தாண்டிவிட்டாள். கழையம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை.

மண்ணுக்குள்ளோ ஒரே ரகளை. எருவின் காரத்தில் அடுப்பில் இருந்ததெல்லாம் கெட்டுப்போனது. பாதிப் பேர் மயங்கி விழுந்தார்கள். எச்சம் தின்னும் தடியர் கூட்டம் ஒன்று மட்டும் கொழுத்து, மற்றவர்களை நெட்டித் தள்ளியது. பொடியம்மை கரண்டியை வீசி எறிந்தாள். "என் சமையல் பிடிக்காம வெளியில வாங்கினாங்களாமே! இனி இந்த வாசல் மிதிக்க மாட்டேன்!" மிச்சம் இருந்தவர்களைக் கூட்டிக்கொண்டு பக்கத்துச் சரிவுக்குப் போய்விட்டாள்.

ஆடி பிறந்தது. ஒரே மழையில் எரு முழுக்கக் கரைந்து ஓடிற்று. தின்ன எதுவும் இல்லாமல் தடியர் கூட்டமும் சுருண்டது. ஒட்டிப் பிடிக்க ஆளில்லாத மண் மாவாக உதிர்ந்தது. பின்னாலேயே வந்தது காற்று.

"அம்மா!" என்று தளிரி அலறினாள். "எனக்குள்ள ஒண்ணுமே இல்லம்மா, வெறும் கூடு! வளர்ற அவசரத்துல ரொப்ப மறந்துட்டேன். விழுந்துடுவேன்மா!"

கழையம்மா வேரை மண்ணுக்குள் நீட்டி, நீட்டி, பக்கத்துச் சரிவுவரை ஊர்ந்தாள். "தாயே பொடியம்மை, நான் பண்ணினது தப்பு. உன்னைக் கேட்காம செஞ்சேன். பிள்ளையைக் காப்பாத்து!"

பொடியம்மை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "இத்தனை காலம் சமைச்சுப் போட்டேனே. ஒருநாள், ஒரே ஒருநாள், எனக்கு ஒரு வாய் போட்டீங்களாக்கா? ஊரார் சருகைத்தானே தின்னோம்?"

கழையம்மா, அடுத்த காற்று வந்தபோது, அத்தனை வருஷம் கட்டிக்காத்த இலைகளைத் தானே உலுக்கிக் காலடியில் கொட்டினாள். தேக்கு வாயைப் பிளந்து பார்க்க, மொட்டையாக நின்று, "வாங்க, எல்லாரும் உக்காருங்க!" என்றாள்.

பொடியம்மைக்குக் கண் கலங்கிவிட்டது. "அட, வாங்கடா!" என்று பட்டாளத்தோடு ஓடி வந்தாள். இலையைத் தின்றபடியே மண்ணை இறுக்கி, தளிரியின் காலைக் கெட்டியாகப் பிடித்தார்கள். "உள்ளே ரொப்ப எங்களால ஆகாது, கண்ணு. நடுநடுவே முடிச்சுப் போட்டுத் தர்றோம்" என்று வேர்வழியே ஏறிக் கணுக்கணுவாகக் கட்டினார்கள்.

காற்று முழு வீச்சில் மோதியது. தளிரி தரைவரை வளைந்தாள். நிமிர்ந்தாள்! "அம்மா, கால்ல கிச்சுக்கிச்சு மூட்டுறாங்கம்மா!" என்று சிரித்தாள்.

அன்று தொடங்கித்தான் மூங்கில் உள்ளே கூடாகவும் வெளியே கணுக்கணுவாகவும் நிற்கிறது; தன் இலையைத் தன் காலடியிலேயே கொட்டுகிறது. மூங்கில் காட்டுக்குப் போனால் சருகைக் கூட்டித் தள்ளிவிடாதீர்கள். மெல்ல நடங்கள், கீழே பந்தி நடக்கிறது.