திண்டிவனம் தாண்டிப் போடும் பாட்டு

மதுராந்தகம் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு தியான இல்லம் இருந்தது. அதை நடத்திவந்தவர் வசுமதி. வயது நாற்பத்திரண்டு. அவருடைய சீடர்களில் ஒருவரான ஆளவந்தாருக்கு அறுபத்தாறு. தொலைபேசி இலாகாவில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆனாலும் அவர்தான் வசுமதியை ‘அம்மா’ என்று கூப்பிடுவார்.

சென்னையில் கண் டாக்டர் ஒருவர் காலமானார். அவர் ஆயுள் முழுக்கச் சேர்த்த கர்நாடக சங்கீத சிடிக்கள் இரண்டாயிரத்து முந்நூறு. அவருடைய மகன் அத்தனையையும் இல்லத்துக்குக் கொடுத்துவிட்டார்.

ஆளவந்தார் அவற்றை ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்றினார். மீடியா சர்வர் என்ற மென்பொருளை நிறுவினார். அதில் போட்டுவிட்டால் இல்லத்தில் உள்ளவர்கள் எங்கே இருந்தாலும் அவரவர் கைபேசியிலேயே எதை வேண்டுமானாலும் கேட்கலாம்.

ஏற்றுவது சுலபமாக இருந்தது. ஒழுங்குபடுத்துவதுதான் பெரும்பாடாக இருந்தது. ஒரே பாடகரின் பெயர் ஐந்து விதமாக எழுதப்பட்டிருந்ததால் மென்பொருள் அவரை ஐந்து பேர் என்று நினைத்தது. வயலின்காரர் பெயர் தவறான இடத்தில் விழுந்த ஒரு கச்சேரி மூன்று கச்சேரிகளாக உடைந்து கிடந்தது. ராகம், தாளம், இயற்றியவர், பாடியவர், பக்கவாத்தியம், சபா, வருஷம் என்று தலைப்பு வாரியாக ஆளவந்தார் எல்லாவற்றையும் உட்கார்ந்து திருத்திக்கொண்டிருந்தார். பதினோரு மாதம் ஆகியும் முடியவில்லை.

முடியும்வரை ஒருவருக்கும் கடவுச்சொல்லைக் கொடுப்பதில்லை என்று வைத்திருந்தார்.

“சமைக்கிறப்ப ஒரு பாட்டு கேக்கலாமா ஐயா?” என்று சமையற்கட்டிலிருந்து கேட்டார்கள். மூட்டுவலியோடு படுத்திருந்தவர் கேட்டார். எல்லோருக்கும் ஒரே பதில்தான்.

“அரைகுறையாக் குடுத்தா குழப்பம்தான் வரும். முழுசா முடியட்டும்.”

ஒருநாள் காலையில் அந்தோணிசாமி வந்தார். பதினெட்டு வருஷம் டாக்டருக்குக் கார் ஓட்டியவர். மெலிந்த ஆள். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு நின்றார்.

“டாக்டர் பாட்டெல்லாம் இங்க இருக்குன்னாங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கணும் சார்.”

ஆளவந்தாருக்குச் சந்தோஷமாகிவிட்டது. தன் பட்டியலைக் காட்ட முதல் முறையாக ஓர் ஆள் கிடைத்திருந்தார். இவருக்கு ஒரு பாட்டைத் தேடிக் கொடுத்தால் விதி மீறியதாகாது என்று தோன்றியது.

“என்ன ராகம்?”

“அதெல்லாம் தெரியாது சார்.”

“பாடினது யாரு?”

“தெரியாது சார். ஆம்பளைக் குரல்.”

“பாட்டோட முதல் வரி?”

“தெலுங்கோ என்னமோ. திண்டிவனம் தாண்டினதும் போடுவோம் சார். விழுப்புரத்துல டாக்டர் மாசாமாசம் இலவசமா கண்ணு பாப்பாரு. அங்க போறப்பல்லாம் அந்தப் பாட்டுதான். ஜிப்பு வெச்ச கறுப்புப் பையில கடைசி உறையில இருக்கும்.”

ஆளவந்தாருக்கு அந்தப் பை நினைவிருந்தது. அதிலிருந்த சிடிக்களை உருவி, மற்றவற்றோடு கலந்து, அகர வரிசையில் அடுக்கியவர் அவரேதான்.

“கொஞ்சம் முணுமுணுத்துக் காட்டுங்களேன்.”

அந்தோணிசாமி கண்ணை மூடி முயன்றார். “வாயில வரமாட்டேங்குது சார். கேட்டா தெரிஞ்சிரும்.”

ஆண் குரல் என்று தேடியதில் ஒன்பதாயிரம் பாடல்கள் வந்தன. ஒவ்வொன்றாகச் சிறிது நேரம் ஓடவிட்டார். அந்தோணிசாமி இல்லையென்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். சாயங்காலம் ஆகிவிட்டது.

“பரவால்ல சார். உங்களுக்குத்தான் சிரமம்” என்று எழுந்தார்.

அவரைக் கொஞ்சம் இருக்கச் சொல்லிவிட்டு ஆளவந்தார் வசுமதியிடம் போனார். நடந்ததைச் சொன்னார்.

“என் பட்டியல்ல ஏதோ ஒரு தலைப்பு குறையுதம்மா. அது என்ன தலைப்பு?”

வசுமதி சொன்னார்.

“நாளைக்கு நம்ம வேன் அரிசி எடுக்க விழுப்புரம் போகுது. ஓட்டுறவருக்குக் காய்ச்சல். அந்தோணிசாமி ராத்தங்கி ஓட்டித் தருவாரான்னு கேளுங்க. நீங்களும் பக்கத்துல உக்காந்து போய்ட்டு வாங்க.”

மறுநாள் காலை எட்டு மணிக்குக் கிளம்பினார்கள். அச்சிறுபாக்கத்தைத் தாண்டினார்கள். திண்டிவனம் மேம்பாலம் ஏறி இறங்கியது வண்டி. லாரிகள் குறைந்தன. இரண்டு பக்கமும் வேர்க்கடலைக் காடு.

அந்தோணிசாமியின் விரல்கள் ஸ்டியரிங்கைத் தட்ட ஆரம்பித்தன. பிறகு மூக்கால் ஒரு முனகல். சுருதி இல்லை. ஆனால் ஒரு வளைவு இருந்தது. மேலே போவதுபோல் போய், போகாமல் திரும்பி வரும் வளைவு. தாம் முனகுவது அவருக்கே தெரிந்திருக்காது.

ஆளவந்தார் நிமிர்ந்து உட்கார்ந்தார். சகானா ராகம்.

கைபேசியை எடுத்தார். சகானாவில் ஆண் குரல் இருபத்தாறு. பதினோரு மாத உழைப்பு அப்போது ஒரு நொடியில் பலன் தந்தது. ஆறாவது பாட்டு தொடங்கியதும் வண்டியின் வேகம் குறைந்தது.

அந்தோணிசாமி சாலையோரம் வேனை நிறுத்தினார். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். பாட்டு பதினான்கு நிமிஷம். ஆளவந்தாரும் அதை முழுசாகக் கேட்டார். பதினோரு மாதத்தில் அவர் முழுசாகக் கேட்ட முதல் பாட்டு அது.

முடிந்ததும் அந்தோணிசாமி சொன்னார்.

“கடைசி தடவை அச்சிறுபாக்கத்துலயே கேட்டாரு சார். ‘இப்பவே போடுப்பா’ன்னாரு. ‘இன்னும் திண்டிவனம் வரலியே டாக்டர்’னேன். சிரிச்சாரு. ‘அதுவும் சரிதான், முறைன்னா முறைதான்’னாரு. மேம்பாலத்துல ஏறுறப்ப கண்ணாடியில பாத்தேன். தலை சாஞ்சிருந்தது. தூங்குறார்னு நெனச்சேன். பாலம் இறங்கினதும் பாட்டைப் போட்டேன் சார். அவரு கேக்கல.”

ஒரு பேருந்து அவர்களைக் கடந்து போயிற்று.

“இன்னொரு தடவை போடட்டுமா?” என்று கேட்டார் ஆளவந்தார்.

“வேணாம் சார். அரிசி மண்டியை மூடிடுவாங்க. போலாம்.”

மத்தியானம் அரிசி மூட்டைகளோடு திரும்பினார்கள். அந்தோணிசாமி சாப்பிட்டுவிட்டுச் சென்னை பஸ் ஏறினார்.

வசுமதி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். ஆளவந்தார் எதிரே உட்கார்ந்து, வழியில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். வசுமதி கை நிறுத்தாமல் கேட்டார்.

“அந்தப் பாட்டுக்கு ‘திண்டிவனம்’னு புதுசா ஒரு தலைப்பு போட்டிருக்கேம்மா.”

“நல்லது.”

ஆளவந்தார் ஒரு கொத்துக் கீரையைக் கையில் எடுத்தார். உருவாமல் வைத்துக்கொண்டிருந்தார்.

“இன்னும் நானூறு சிடி பாக்கி இருக்கு. தை பொறந்தா முடிஞ்சிரும்” என்றார். சொல்லும்போதே அவர் குரல் கொஞ்சம் தயங்கியது. “முடிச்சிட்டு எல்லாருக்கும் திறந்துவிடலாமா, இல்ல இப்பவேவா?”

வசுமதி முறத்திலிருந்த காம்புகளை ஒதுக்கினார்.

“அதை அந்தோணிசாமிகிட்ட கேட்டுட்டு வந்திருக்கலாமே.”