நடு ஆற்றில் ஒரு சுற்று

அன்று காலையிலும் அம்மாசையார் நடு ஆற்றில் துடுப்பை மேலே தூக்கினார்.

பாறைத்துறையில் பரிசல் ஓட்டுவது அவர் தொழில். அக்கரையில் துறைநாதர் கோயில் கோபுரம் தெரியும் இடம் வந்ததும் துடுப்பை மடியில் கிடத்திவிட்டுக் கைகுவிப்பார். பிடி விட்ட பரிசல் தன்போக்கில் ஒரு சுற்றுச் சுற்றும். உள்ளே இருப்பவர்களும் கூடவே சுற்றுவார்கள். சந்தைக்கு அவசரமாகப் போகிறவர்கள் ஏசுவார்கள். அவர் காதில் அது விழாது.

ஆற்றின் நடுவே ஒரு மண்திட்டு. பரிசல்காரர்களின் குடிசைகள் அங்கேதான் இருந்தன. திட்டின் ஓரத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி நாச்சாயி அம்மாள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

"ஏனுங் மாமா, எத்தனை தடவைதான் கும்புடுவீங்க? உங்களப் பாத்துப் பாத்து அந்தச் சாமிக்கே தலை சுத்திப்போடும்!"

"சுத்தட்டும் புள்ள. அப்பத்தான் கீழ எறங்கி நம்ம குடிசைக்கு வருவாரு."

"வந்தா ராகிக் களிதான் இருக்குதுன்னு சொல்லிப்போடுங்க."

மேற்கு மலையில் கொட்டிய மழை அன்று பிற்பகலில் செந்நீராக இறங்கிற்று. திட்டில் இருந்தவர்களில் பலர் அறுப்பு வேலைக்குப் போயிருந்தார்கள். அடுத்த குடிசைக்காரன் செங்கோடனின் சிறு பிள்ளைகள் ஒரு கூரைமேல் ஏறிக் கத்தினார்கள். இன்னொரு கூரையில் நாச்சாயி அம்மாள் தனியாக நின்றார். செங்கோடனும் ஊராரும் கரையில் நின்று தலையில் அடித்துக்கொண்டார்கள். அந்த வெள்ளத்தில் இறங்கியது அம்மாசையாரின் பரிசல் ஒன்றுதான். அவர் பிள்ளைகளைக் கரைசேர்த்துவிட்டுத் திரும்பியபோது மற்றக் கூரை இருந்த இடத்தில் தண்ணீர் மட்டுமே ஓடிற்று. அம்மாளை ஆறு திருப்பித் தரவில்லை.

காரியம் முடிந்த மறுநாளே அம்மாசையார் துடுப்பை எடுத்தார். பரிசலில் ஏறியவர்கள் நடந்ததைக் கேட்டார்கள். அவர் மறைக்கவில்லை. கேட்டவர்க்கெல்லாம், "துறைநாதர் செஞ்சதைச் சொல்றனுங்க" என்று தொடங்கித்தான் சொன்னார்.

ஒருநாள் வளையல் வியாபாரி ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். "பொண்டாட்டியத் தண்ணியில உட்ட சாமிக்கு இத்தனை பெருமையாக்கும்! உம்ம சாமிக்கு நீச்சல் தெரியாதோ?"

அம்மாசையாரின் கை ஒரு கணம் நின்றது. பிறகு கோபுரம் தெரிந்தது. துடுப்பைத் தூக்கினார். சிரித்தவரும் சேர்ந்தே ஒரு சுற்றுச் சுற்றினார்.

பாறைத்துறையில் ஒரு வழக்கம் உண்டு. தேரோட்டத்தன்று, அந்த ஆண்டில் இறைவன் அருளைக் கண்ட ஒருவர் தேர்முன் நின்று தம் கதையைச் சொல்லுவார். சொல்லி முடித்து அவர் வடத்தைத் தொட்ட பிறகே மற்றவர்கள் தொடுவார்கள். கோயில் தலைவர் பொன்னுரங்கம் அந்த ஆண்டு அம்மாசையாரைத் தேடித் துறைக்கு வந்தார்.

"ஏப்பா அம்மாசை, இந்த வருசம் நீதான் சொல்லோணும். கொழந்தைகளைக் காப்பாத்துனதச் சொல்லு, போதும். உம் பொண்டாட்டி போனதெல்லாம் வேண்டாம். நல்ல நாளும் அதுவுமா சாவுப் பேச்செதுக்கு?"

"அவள உட்டுட்டு அந்தக் கதை இல்லீங்களே."

"நாஞ் சொல்றாப்பல சொல்றதுன்னாச் சொல்லு. இல்லீன்னா துறையையும் உட்டுப்போடு. துறை கோயிலுக்குப் பாத்தியப்பட்டது, தெரியுமில்ல?"

துறை போனால் பிழைப்புப் போகும். நடு ஆற்றுக் கும்பிடும் போகும். அம்மாசையார் துடுப்பைத் தலைவரின் காலடியில் வைத்தார். "பொய் சொல்லித் தொடுற வடம் எனக்கு வேண்டாமுங்க" என்றார். அவ்வளவுதான்.

தேர் நாளில் அவருக்குப் பதிலாகச் செங்கோடனை நிறுத்தினார்கள். அம்மாசையார் கூட்டத்தின் கடைசியில் வெறுங்கையுடன் நின்றார். செங்கோடன் தொடங்கினான்: "நான் கரையில நின்னனுங்க. அம்மாசையண்ணன் வந்து எங் கொழந்தைகளத் தூக்குனாரு…" தலைவரைப் பார்த்தான், தேரைப் பார்த்தான்.

"அதுக்கு முன்னால ஒண்ணு நடந்துச்சுங்க. அதச் சொல்லக்கூடாதுன்னுட்டாங்க. அது நடக்கலீன்னா எங் கொழந்தைக இன்னிக்கு ஏதுங்க? அண்ணா, என்னால முடியல. நீங்களே வாங்க!"

கூட்டம் வழிவிட்டது. அம்மாசையார் தேரின் முன் வந்து நின்றார்.

"துறைநாதர் செஞ்சதைச் சொல்றனுங்க. பரிசலை நான் அவ பக்கந்தான் திருப்புனேன். கட்டுனவ ஆச்சுங்களே. அவதான் கத்துனா, 'இங்க வராதீங்க மாமா, கொழந்தைகளத் தூக்குங்க'ன்னு. ஆத்துல முழங்காலுக்கு மேல எறங்கமாட்டா, அத்தனை பயம் அவளுக்கு. கூரை அமுங்கி இடுப்பு முட்டுன தண்ணியில அந்தத் தைரியம் எங்கிருந்துங்க வந்துச்சு? சாமி நம்ம குடிசைக்கு வருவாருன்னு காத்தால வெளையாட்டுக்குச் சொன்னேன். வந்துட்டாருங்க. அந்தக் கூரை மேலதான் நின்னாரு. அவள உட்டுட்டுச் சொன்னா, கொழந்தைகளக் காப்பாத்துனவன் நானாயிருவேன். அது நான் இல்லீங்க."

யாரும் அசையவில்லை. காற்றும் இல்லை. தேரின்மேல் இருந்த துறைநாதரின் வலத்தோளிலிருந்து ஒரு செவ்வரளி நழுவி, வடத்தின்மேல் விழுந்தது.

"பூக் குடுத்துட்டாரு!" என்று யாரோ கத்த, ஊரே கைதூக்கிற்று. பொன்னுரங்கம் தேர்த்தட்டிலிருந்து இறங்கி வந்தார். குனிந்து அந்தப் பூவை எடுத்து அம்மாசையாரின் உள்ளங்கையில் வைத்தார். அதுவரை யாரிடமும் தாழாத குரல் தாழ்ந்தது.

"துடுப்பு கோயில்லதான் இருக்குதுங்க. அப்பறமா வாங்கிக்குங்க. இப்ப வடத்தத் தொடுங்க."

அவர் தொட்டார். தேர் நகர்ந்தது.

தம் கதையில் தம்மைப் பின்னே நிறுத்தி, இறைவன் செய்ததை முன்னே நிறுத்திய அடியவர் அவர். நாச்சாயி அம்மாளை ஈன்ற ஊர் என்றும், அம்மாசையார் துடுப்புப் போட்ட ஆறு என்றும் பாறைத்துறையாராகிய நாங்கள் இன்று தலைநிமிர்ந்து சொல்லிக்கொள்கிறோம்.

திட்டில் இப்போது குடிசைகள் இல்லை. யார் பரிசல் ஓட்டினாலும், கோபுரம் தெரியும் இடத்தில் துடுப்பு மேலே எழுகிறது. பரிசல் ஒரு சுற்றுச் சுற்றுகிறது.