திரும்பாத உப்பு வண்டி

ஒரே ஒரு ஊர்ல பொம்மக்கான்னு ஒருத்தி இருந்தாளாம். அவகிட்ட ஒன்பது உப்பு வண்டி. ஆத்தைக் கடந்தா ஒரு நாள்ல சந்தை. மலையைச் சுத்தினா மூணு நாள். உப்பேத்திப் பூட்டின வண்டியைச் சந்தைக்குப் போகாம திருப்பக் கூடாது, கூடப் போனவங்களும் திரும்பக் கூடாதுங்கிறது அவங்க வழக்கம். கிறுக்கு வழக்கம், கேளுங்க!

மழைக்காலம் வந்துச்சு. "சடையா, ஆத்துல தண்ணி எவ்வளவுன்னு பாத்துட்டு வா"ன்னு தூதுக்காரனை அனுப்பினா. அந்தச் சோம்பேறி பாதி வழியில ஒரு மரத்தடியில படுத்துத் தூங்கிட்டு வந்து, "முழங்கால் தண்ணிதான் அக்கா"ன்னான். பொம்மக்கா புருஷன் மாயாண்டி மூணு வண்டியோட கிளம்பிட்டான்.

ஒரு சேதியும் இல்ல. யாரும் திரும்பக் கூடாதே, சேதி எப்படி வரும்? மறுநாள் சடையன் போனான், தூங்கினான், வந்தான், "முழங்கால் தண்ணி"ன்னான். இன்னும் மூணு வண்டி போச்சு. அப்பவும் சேதி இல்ல. பொம்மக்காவுக்கு நிக்கவும் முடியல, உக்காரவும் முடியல. அடுப்புல சோறு தீய்ஞ்சது கூடத் தெரியல.

மூணாம் நாளும் அதே முழங்கால். பொம்மக்கா அவனை ஏற இறங்கப் பாத்தா. மழையில போய்ட்டு வந்தவன் கால்ல ஒரு சொட்டு சேறில்ல!

"சரிடா சாமி, முன் வண்டியில நீயே உக்காரு."

"நானா? எதுக்குக்கா?"

"முழங்கால் தண்ணிக்கு என்ன பயம்?"

பொம்மக்காவும் ஏறிக்க, மூணு வண்டியும் கிளம்பி ஆத்தங்கரைக்குப் போனா, ஐயோ! கரை தெரியாம வெள்ளம். முன்னாடி போன ஆறு வண்டியில ஒரு வண்டியை உப்போட வெள்ளம் கொண்டு போயிருச்சு. மிச்ச அஞ்சு வண்டியும் திரும்ப மாட்டாம மழையில நிக்குது, மூட்டையிலருந்து உப்பு ஒழுகுது. மாயாண்டி என்ன செய்யிறதுன்னு தெரியாம மாட்டைத் தண்ணியில இறக்கிட்டிருக்கான்.

பொம்மக்கா, "சடையா, நாமளும் இறங்கலாமா?"ன்னா.

"வேணாம்க்கா! நான் ஆத்தைப் பாக்கவே இல்ல!"ன்னு அலறினான்.

"யோவ், நிறுத்துய்யா! வண்டியைத் திருப்பு!"ன்னு அவ புருஷனைப் பாத்துக் கத்தினா.

"வழக்கம்டி..."

"வழக்கமா வந்து உன்னைத் தூக்கப் போவுது? திருப்பு!"

எட்டு வண்டியும் திரும்பி, மலையைச் சுத்தி, கொஞ்சம் கரைஞ்ச உப்போட சந்தைக்குப் போச்சு.

சடையனை விட்டாளா? அன்னையிலருந்து எந்த ஆறு வந்தாலும் அவன்தான் முதல்ல இறங்கணும். "எவ்வளவுடா?"ன்னு கரையிலருந்து கேப்பா. "தெரியலக்கா, இன்னும் ரெண்டடி போய்ப் பாக்குறேன்!"ன்னு நடுங்கிக்கிட்டே சொல்லுவான்.

தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க கண்ணுகளா, அதுல ஒரு கேவலமும் இல்ல. கதை கரையேறிருச்சு, நீங்களும் போய்ப் படுங்க.