நாணலாறும் நீல நாக்கும்

ராஜாக்களுக்கும் தண்ணி தவிச்ச காலத்துல நாணலாறுன்னு ஒரு ஆறு ஓடிச்சு. நீங்க உங்க ஊர் ஆத்தை நினைச்சுக்கிட்டுக் கேட்டாலும் சரிதான், கதை கோவிச்சுக்காது.

மலையில இருந்து அது ஒரே ஆறா இறங்கல. மூணு ஓடையா இறங்கிச்சு. கல்லோடை, மூங்கிலோடை, வளையோடை. மூணும் முக்கூடல்ங்கிற இடத்துல ஒண்ணு சேர்ந்த பிறகுதான் அதுக்கு நாணலாறுன்னு பேரு. அங்கிருந்து தாழையூர் வெத்தலைக் கொடிக்காலைத் தொட்டு, ராஜா இருக்கிற தலைநகரத்தைச் சுத்தி, கடைசியில ஒரு மீன்பிடிக் குப்பத்தைத் தாண்டிக் கடல்ல விழும். ஆறு அது பாட்டுக்கு ஓடிச்சு. மனுசங்கதான் சும்மா இருக்கல.

கல்லோடைக் கரையில சாயமங்கலம். அவுரிச் செடியை ஊறவச்சு நீலச் சாயம் எடுக்கிற ஊரு. மூங்கிலோடைக் கரையில பாகனூர். கரும்பை ஆட்டி வெல்லம் காய்ச்சுற ஊரு. வளையோடைக் கரையில நார்ப்பட்டி. தேங்கா மட்டையை ஊறப்போட்டுக் கயிறு திரிக்கிற ஊரு. மூணும் நல்ல உழைப்பாளி ஊருங்க. அவங்களுக்குள்ள இருந்தது ஒரே ஒரு சண்டைதான். மூணு ஓடையில எது நாணலாத்துக்குத் தாய், எது சும்மா வழியில வந்து ஒட்டிக்கிட்டது?

எங்க ஓடைதான் நீளம், அதனால அதுதான் தாய்னாங்க சாயமங்கலத்துக்காரங்க. நீளம் கயித்துக்குத்தான் வேணும், ஆத்துக்குத் தண்ணிதான் வேணும், தண்ணி எங்களுதுலதான் அதிகம்னாங்க பாகனூர்க்காரங்க. எங்களுது மலையுச்சியில பொறக்குது, உங்களுது ரெண்டும் பாதி மலையில பொறந்ததுங்கன்னாங்க நார்ப்பட்டிக்காரங்க.

இது வெறும் வாய்ச் சண்டை இல்ல. வருசா வருசம் ஆடிப்பெருக்குக்கு முக்கூடல்ல திருவிழா நடக்கும். தாய் ஓடை எந்த ஊருக்குச் சொந்தமோ அந்த ஊர் நாட்டாமைக்குத்தான் முதல் மரியாதை, தலையில பட்டுப் பரிவட்டம் கட்டணும். யாரு தலையில கட்டுறதுன்னு முடிவாகவே இல்ல. அதனால பூசாரி அதைக் கோயில் விளக்குத்தூணுக்குக் கட்டிட்டு வீட்டுக்குப் போயிடுவாரு. தூணு எந்த ஊரையும் சேர்ந்ததில்ல, எதிர்த்தும் பேசாது. பாட்டன் காலத்துல இருந்து இதே கதைதான். அந்த நாட்டுலயே அதிகமா மரியாதை வாங்கினது அந்தக் கல்தூணு.

அந்த நாட்டு ராஜா பேரு வில்லவராயன். நல்ல மனுசன்தான். சாப்பிட்டா வெத்தலை போடணும், வெத்தலை போட்டா பேசணும், பேசினா நாலு பேரு கேட்கணும். அவ்வளவுதான் அவர் ஆசை.

அரண்மனைக்கு வெத்தலை தாழையூர் உலகாயி கொடிக்கால்ல இருந்து போகும். அகத்தி மரத்துல கொடியை ஏத்திவிட்டு, தண்ணி இறைச்சு, தனியாளா நின்னு அந்தக் கொடிக்காலைக் காப்பாத்தினவ உலகாயி. வாய் கொஞ்சம் நீளம். சந்தையில அவகிட்ட ஒரு கவுளி வெத்தலை வாங்கினா ஊர்ச் சேதி இனாம்.

ஒருநாள் ராஜா மதியச் சாப்பாடு முடிச்சு வெத்தலை போட்டாரு. கொஞ்ச நேரத்துல மந்திரி மேல உத்திரத்தைப் பார்க்க ஆரம்பிச்சாரு. தளபதி தன் காலைப் பார்த்துக்கிட்டாரு. வைத்தியருக்கு மட்டும் வேற வழியில்ல, அவரு ராஜாவோட வாயைப் பார்த்துத்தான் ஆகணும். செவக்க வேண்டிய நாக்கு நீலமா இருந்துச்சு. உதடும் நீலம். பல்லும் நீலம்.

அந்த நேரம் பார்த்து பக்கத்து நாட்டுத் தூதர் வந்து நின்னாரு. வாயைத் தொறந்தா மானம் போயிடும். ராஜா உதட்டை இறுக்க மூடிக்கிட்டு, தூதர் கேட்டதுக்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினாரு. தூதர் ரொம்ப சந்தோசமாப் புறப்பட்டுப் போனாரு. அப்புறம்தான் மந்திரி மெல்லச் சொன்னாரு, நாம இப்ப ரெண்டு யானையைக் குடுத்துட்டோம்னு.

நாக்கு போனதை ராஜா பொறுத்திருப்பாரு. யானை போனதைப் பொறுக்க முடியல. அந்த வெத்தலைக்காரி எனக்கு விஷம் வச்சிருக்கா, மிச்சமிருக்கிற யானையை விட்டு அவ கொடிக்காலை மிதிச்சு அழிங்கன்னு உத்தரவு போட்டாரு.

சேதி கேட்டு உலகாயி அரண்மனைக்கு ஓடி வந்தா. கொடிக்கால்தான் அவளுக்குச் சோறு, அவளுக்குத் துணி, அவ கூரை. கொடி வச்சுப் பலனுக்கு வர்ற வரைக்கும் புள்ளை வளர்க்கிற மாதிரி வளர்க்கணும். அழிக்கிறதுக்கு யானைக்கு ஒரு காலைப்பொழுது போதும்.

அழுது விழுந்து கும்பிடுவான்னு எல்லாரும் பார்த்தாங்க. அவ தன் ரெண்டு கையையும் நீட்டினா. முழங்கை வரைக்கும் நீலம்.

"மகாராஜா, வேணும் வேணாம்னு சொல்ல வெத்தலைக்கு வாயா இருக்கு? ஊத்துற தண்ணியைக் குடிக்குது. நான் ஊத்துறது உங்க ஆத்துத் தண்ணி."

ராஜா அந்தக் கையைப் பார்த்தாரு. கொஞ்சம் மனசு எறங்கினாரு. ஆடிப்பெருக்கு வரைக்கும் கெடு. ஆத்தைக் கெடுத்தது யாருன்னு அதுக்குள்ள தெரிஞ்சா கொடிக்கால் பிழைக்கும். தெரியலேன்னா யானை வரும்.

மூணு ஊர் நாட்டாமைங்களையும் வரச் சொன்னாரு. ஆறு உங்க மூணு பேருல யாருதுன்னு கேட்டாரு.

இத்தனை தலைமுறையா எங்களுது எங்களுதுன்னு மல்லுக்கட்டின ஊருங்க, ஞாபகம் வச்சுக்குங்க.

சாயமங்கலத்து நாட்டாமை, எங்களுது ஒரு ஓடைன்னே சொல்ல முடியாதுங்க, ஆடு தாண்டிடும்னாரு. பாகனூர் நாட்டாமை, எங்களுதுல மழை பெஞ்சா ஈரம் தெரியும், அவ்வளவுதாங்கன்னாரு. நார்ப்பட்டி நாட்டாமை, எங்க ஊர்ல தண்ணியே கிடையாதுங்க மகாராஜான்னாரு. சொல்லும்போது அவர் குடுமியில இருந்து குளிச்ச தண்ணி சொட்டிக்கிட்டு இருந்துச்சு.

ராஜா ஆளுங்களை அனுப்பிப் பார்த்துட்டு வரச் சொன்னாரு. ராஜாங்க ஆளுங்க சும்மா போவாங்களா? முன்னால பறை, பின்னால கொம்பு, நடுவுல குடை. இவங்க ஒரு ஊருக்கு வர்றது நாலு ஊருக்கு முந்தியே தெரிஞ்சிடும். சாயமங்கலத்துல சாயத்தொட்டி மேல வைக்கோலைப் போட்டு, வைக்கோல் மேல பொம்பளைங்க உட்கார்ந்து புளி கொட்டை எடுத்தாங்க. பாகனூர்ல அடுப்பை அணைச்சுட்டு எல்லாரும் வாசல்ல தாயம் ஆடினாங்க. நார்ப்பட்டியில மட்டைக் குழி நாத்தம் மூக்கைத் துளைச்சுது. அது எங்க ஊர் எருமைங்கன்னு சொல்லிட்டாங்க. எருமைங்க ஒண்ணும் மறுக்கல.

ஆளுங்க திரும்பி வந்து, மூணு ஊரும் சுத்தம், ரொம்ப மரியாதையான சனங்க, வெல்லம் குடுத்து அனுப்பினாங்கன்னு சொன்னாங்க.

கொடிக்கால்ல பாதிக் கொடி மஞ்சளாயிடுச்சு. ஆடிப்பெருக்கு நெருங்கிடுச்சு. உலகாயி கொடிக்கு நடுவுல உட்கார்ந்து யோசிச்சா. திட்டினா மறைக்கிற சனங்க இவங்க. புகழ்ந்தா?

மறுநாள் வெத்தலைக் கூடையோட அரண்மனைக்குப் போனா. ஆமா, ராஜா வெத்தலையை விடல. விஷம்னு சொன்ன அதே வாய்தான், தினமும் அதே வெத்தலையைக் கேட்டுச்சு. அதனால நீலமும் மாறல. திருவிழாவுல எல்லாச் சனத்துக்கும் முன்னால நாக்கை நீட்டணும் மகாராஜான்னு கேட்டா உலகாயி. ராஜா கத்திப் பிடியில கையை வச்சாரு.

"ஒரு தடவை மூடினதுக்கு ரெண்டு யானை போச்சு. ஒரு தடவை தொறந்துதான் பாருங்களேன்"ன்னா.

மந்திரி உத்திரத்தைப் பார்த்தாரு. ராஜா கத்தியில இருந்து கையை எடுத்தாரு.

அப்புறம் உலகாயி சந்தைக்குப் போனா. வேற ஒண்ணும் செய்யல. தலைநகரம் இருக்கிற பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போட்டா. எதுக்கு உலகாயின்னு கேட்டவங்ககிட்ட, ராஜா நாக்கு பெருமாள் நிறமா இருக்குன்னா. அதுல பொய் ஒண்ணும் இல்ல. பெருமாள் நீலம், நாக்கும் நீலம். மிச்சத்தைச் சந்தை பார்த்துக்கிச்சு. பொழுது சாயுறதுக்குள்ள ராஜாவுக்குப் பெருமாள் காட்சி குடுத்துட்டாரு. விடிஞ்சதும் ராஜா நாக்கைப் பார்த்தா கல்யாணம் கூடிவரும்னு ஆயிடுச்சு.

ஆடிப்பெருக்கு வந்துச்சு. முக்கூடல்ல கால் வைக்க இடமில்ல. ராஜா மேடையில ஏறினாரு. கண்ணை மூடிக்கிட்டாரு, நாக்கை நீட்டினாரு. சனமெல்லாம் கன்னத்துல போட்டுக்கிச்சு. சிலபேரு கற்பூரம் ஏத்தினாங்க.

ராஜா நாக்கை உள்ள இழுத்துட்டுக் கேட்டாரு. "இந்த நிறத்தை எனக்குக் குடுத்தது எந்த ஓடையோ, அதுதான் தாய் ஓடை. பரிவட்டம் அந்த ஊருக்கு. யாரு ஓடை?"

சாயமங்கலத்து நாட்டாமை அந்த வார்த்தை முடியிறதுக்குள்ள மேடையில நின்னாரு. நீலம் எங்க அவுரிங்க மகாராஜா, காலையிலயும் சாயங்காலமும் தொட்டியைத் தொறந்து ஓடையிலதான் விடுறோம், ஒருநாள் தவறினதில்லன்னாரு. சந்தேகமிருந்தா வந்து பாருங்க, ஓடைக் கல்லு கூட எங்க ஊர்ல நீலம்னாரு.

பாகனூர் நாட்டாமை அவரைத் தள்ளிக்கிட்டு வந்தாரு. "சாயத்தை ஊத்தினா ஒட்டிக்குமாய்யா? பிசுபிசுப்பு வேணாமா? வெல்லக் கொப்பரை கழுவுற தண்ணி, அழுக்கு நுரை, எல்லாத்தையும் நாங்கதான் ஓடையில கொட்டுறோம். எங்க ஊர் ஓடையில ஈ உட்கார்ந்தா எந்திரிக்காது."

நார்ப்பட்டி நாட்டாமைக்கு மூச்சு வாங்கிச்சு. ஒட்டுறது பெருசில்ல, நிக்கணும், மட்டை ஊறின துவர்ப்புத் தண்ணி சேர்ந்தாத்தான் சாயம் நிக்கும், அந்தத் தண்ணியை ஒரு சொட்டு மிச்சம் வைக்காம ஓடைக்குத்தான் தர்றோம், மீனுங்கல்லாம் எப்பவோ செத்து ஒதுங்கிடுச்சுங்க, அவ்வளவு சுத்தமான துவர்ப்புன்னாரு. சாட்சிக்கு ஊர்ச்சனத்தையே கை காட்டினாரு. ஆமா ஆமான்னு ஊரே சொல்லிச்சு.

உலகாயி ஒண்ணும் பேசல. அவ பேசாம இருந்தது அன்னைக்குத்தான் முதல் தடவைன்னு தாழையூர்ல சொல்லுவாங்க.

ராஜா வாக்கு மாறல. மூணும் தாய்தான்னு சொன்னாரு. பரிவட்டத்தை மூணாக் கிழிச்சு மூணு தலையிலயும் தன் கையாலயே கட்டினாரு. மூணு ஊரும் குலவை போட்டுச்சு. குலவை அடங்கினதும், தாய் ஆறுன்னா அதோட தண்ணியை முதல்ல குடிக்கிற உரிமையும் உங்களுக்குத்தானேன்னு சொல்லி, கூடலுக்குக் கீழ மூணு செம்பு மொண்டு வரச் சொன்னாரு.

நாட்டாமைங்க செம்புக்குள்ள பார்த்தாங்க. மேல நுரை, நடுவுல நீலம், அடியில என்னன்னு தெரியல.

முதல் இடத்துக்குத் தலைமுறை தலைமுறையா அடிச்சுக்கிட்டவங்களுக்கு அப்ப திடீர்னு மரியாதை வந்துச்சு பாருங்க. அண்ணே, நீங்க மூத்தவரு, நீங்க குடிங்கன்னாரு சாயமங்கலம். சேச்சே, உங்க ஓடைதானே நீளம், நீங்க ஆரம்பிங்கன்னாரு பாகனூர். மலையுச்சியில பொறந்தா என்ன, நான் அடக்கமான ஆளுன்னாரு நார்ப்பட்டி.

"குடிங்க" அப்படின்னாரு ராஜா.

குடிச்சாங்க. மூஞ்சி போன போக்கை நான் சொல்ல வேண்டியதில்ல.

கொடிக்கால் உலகாயிக்கேன்னு ராஜா அந்த இடத்துலயே சொன்னாரு. இன்னொண்ணும் சொன்னாரு. இனிமே தினம் காலையில உலகாயி வாய்க்கால் மடையைத் தொறக்கிறதுக்கு முன்னால, மூணு நாட்டாமையில ஒருத்தர் முறை வச்சு வந்து, அந்தத் தண்ணியில ஒரு செம்பு குடிச்சுட்டுப் போகணும். பரிவட்டத்தோட.

அப்புறம் அந்த ஊருங்கள்ல நடந்த வேலையைப் பார்க்கணுமே. சாயமங்கலத்துல குழி வெட்டிச் சாயத்தண்ணியை வெயில்ல காயவிட்டாங்க. பாகனூர்ல அழுக்கு நுரையை எருக்குழிக்குத் தள்ளினாங்க. நார்ப்பட்டியில ஓடையை விட்டுத் தள்ளித் தனிக்குட்டை தோண்டினாங்க. சீக்கிரம் தோண்டுங்கடான்னு நாட்டாமையே மண்வெட்டி பிடிச்சாரு, மறுநாள் அவர் முறை. தண்ணி தெளிஞ்சுச்சு. மஞ்சளான கொடியில புதுத் துளிர் விட்டுச்சு. ராஜா நாக்கும் பழையபடி செவந்துச்சு, பேச்சும் பழையபடி நீண்டுச்சு.

கதை இங்க முடிஞ்சிருக்கணும். ஆனா ஆறு இன்னும் கடலுக்குப் போகலயே.

கடலோரக் குப்பத்துல இருந்து ஒரு மீன்காரி தாழையூர்ச் சந்தைக்குக் கருவாடு கொண்டு வருவா. உலகாயி நடந்ததையெல்லாம் அவகிட்ட ஒண்ணு விடாம சொல்லியிருக்கா. கொஞ்சநாள் கழிச்சு அந்த மீன்காரி ஒரு செம்போட ராஜ சபையில வந்து நின்னா.

நாணலாத்துக்கு அதிபதின்னு தினமும் உங்களைத்தானே பாடுறாங்க மகாராஜா, எங்க குப்பத்துக்கிட்ட மொண்ட தண்ணி இது, முதல் உரிமை உங்களுதுன்னா.

ராஜா செம்புக்குள்ள எட்டிப் பார்த்தாரு.

"இதுல யானைச் சாணி இருக்கு."

"ஆமா மகாராஜா. எங்க குப்பத்துல யானை கிடையாது."

ராஜா செம்பை வாங்கினாரு. மடக்குன்னு ஒரு வாய் குடிச்சாரு. ரொம்ப நேரம் வாயை மூடியே வச்சிருந்தாரு. இந்தத் தடவை தலையை ஆட்டல. எழுந்திரிச்சு நேரா யானை லாயத்துக்குப் போய், ஆத்துக்குப் போற சாக்கடையைத் தன் கண்ணு முன்னாலயே அடைக்கச் சொல்லி, தென்னந்தோப்புக்குத் திருப்பிவிட்டுட்டுத்தான் வாயைக் கொப்பளிச்சாரு.

ஆகவே கேட்டுக்கிட்டிருக்கிறவங்களே, ஆறு என்னுதுன்னு பெருமை பேசுறவன், தனக்குக் கீழ இருக்கிறவன் குடிக்கிற தண்ணியைத் தானும் குடிக்கத் தயாரா இருக்கணும்.